செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி மட்டும் எடுக்கவில்லை: 2008 டர்போ டீசல்

பவானிக்கரை | ஞாயிறு, காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

வண்டி 2008 மாடல், 1.5 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல் செடான். ஓடியது 1,86,000 கிலோமீட்டர். நான் இரண்டாவது ஓனர். கம்பெனி பேர் போடவில்லை. போட்டால் "அதை எதுக்குங்க வாங்கினீங்க" என்றே பத்துப் பதில் வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தும் வரை ஒரு குறையும் இல்லை. நேற்றுக் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் கம்பீரமாகச் சுற்றுகிறது, இஞ்சினிடமிருந்து ஒரு இருமல்கூட இல்லை. பத்துத் தடவை அடித்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் நுனியில் கறுப்பாக ஆயில். அதை என் முகத்துக்கு நேரே காட்டி, "டர்போ போயிருச்சுங்க, அதான் எடுக்கல" என்றார். டர்போவுக்கு 38,000, கூலி தனி.

டர்போ போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாதா? திங்கள்கிழமை முன்பணம் கேட்டிருக்கிறார். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை: ஒரு மாதமாகவே காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நாலைந்து விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டீசல் ஃபில்டர் மாற்றினேன்.

பழையநாசில் | ஞாயிறு, காலை 10.50

தம்பி, முதலில் அந்த 38,000 பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

டர்போ என்பது இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற விசிறி. அதைச் சுற்றுவது சைலன்சர் பக்கம் போகிற சூடான புகை. செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் நிமிடத்துக்கு 200, 250 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் ஏது புகை, ஏது அழுத்தம்? ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் டர்போ இருக்கிற வண்டியும் இல்லாத வண்டியும் ஒன்றுதான். டர்போ செத்திருந்தால் ஸ்டார்ட் ஆகி, மேட்டில் இழுக்காமல், கறுப்பாகக் கக்கிக்கொண்டு போகும். ஸ்டார்ட்டே ஆகாமல் நிறுத்திவைக்க அதனால் முடியாது.

ஹோஸுக்குள் ஆயில் பசை இருப்பது இந்த வயசு வண்டியில் சகஜம். இஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக வருகிற ஆயில் ஆவி அங்கேதான் படியும். ஹோஸைத் தலைகீழாகப் பிடித்தால் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால்தான் கவலை. சந்தேகமாக இருந்தால் இஞ்சின் ஆறியபின் ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டர்போவின் சின்ன விசிறியை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம். முன்னும் பின்னும் ஆடக்கூடாது, சுற்றும்போது சுவரில் உரசக்கூடாது.

இப்போது எனக்கு வேண்டியது மூன்று பதில்:

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். சைலன்சரில் புகை வருகிறதா?

அதே நேரம் மீட்டரில் ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழும்புகிறதா?

சாவி போட்டதும் எரியும் சாவிப் படம் போட்ட விளக்கு அணைகிறதா, மினுக்கிக்கொண்டே இருக்கிறதா?

ரோட்டோர_வைத்தியர் | ஞாயிறு, காலை 11.05

இவ்வளவு எதுக்கு? ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ஒரு டின் வாங்கி ஏர் ஃபில்டர் வாயில் அடித்து செல்ஃப் போடுங்கள். எடுத்தால் டீசல் பிரச்சினை, எடுக்காவிட்டால் கம்ப்ரஷன் பிரச்சினை. ஐந்து நிமிட வேலை.

பழையநாசில் | ஞாயிறு, காலை 11.20

வேண்டாம். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அதை அடிக்கக்கூடாது. பிளக் பழுத்துச் சிவந்திருக்கும். ஸ்பிரே உள்ளே போனதும் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடைந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு அடிக்கிறேன் என்பார்கள். பழகிய கைக்கு அது சரி, முதல் தடவை செய்கிறவருக்கு வேண்டாம்.

டாக்ஸி_மதுரை | ஞாயிறு, மதியம் 12.31

ஹீட்டர் பிளக்கே போயிருக்கலாமே? என் பழைய வண்டியில் நாலில் மூன்று போனதும் காலையில் உயிரை வாங்கியது.

பழையநாசில் | ஞாயிறு, மதியம் 12.44

உங்களுடையது எந்தக் காலத்து வண்டி? டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரிகிற பழைய முன்னறை டீசல் என்றால் ஹீட்டர் இல்லாமல் நம் ஊர்க் காலையிலும் அடம் பிடிக்கும். இது பிஸ்டன் தலையில் நேராக டீசல் அடிக்கிற நேரடி இன்ஜெக்ஷன். பவானியில் விடிகாலை 24, 25 டிகிரி இருக்குமா? அந்தச் சூட்டுக்கு நாலு ஹீட்டரும் போயிருந்தால்கூட எடுத்துவிடும், கொஞ்சம் வெள்ளைப் புகையும் நடுக்கமும் இருக்கும், அவ்வளவே.

பவானிக்கரை | ஞாயிறு, மாலை 5.40

அண்ணா, பார்த்துவிட்டேன். மகனைப் பின்னால் நிற்கவைத்தேன். புகை சுத்தமாக இல்லை, டீசல் வாசனைகூட இல்லை என்கிறான். ஆர்பிஎம் முள் 250 வரை எழும்பி ஆடுகிறது. சாவி விளக்கு இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறது. பேட்டரி சும்மா இருக்கையில் 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கையில் 10.4.

டர்போ விசிறி ஒரு ஊது ஊதினாலே சுற்றுகிறது. உரசல் இல்லை.

பழையநாசில் | ஞாயிறு, மாலை 6.15

அப்படியானால் பாதித் தூரம் வந்தாயிற்று.

புகை இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை. வெள்ளையாகப் புகைந்து எடுக்காமல் இருந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போதுதான் கம்ப்ரஷன், ஹீட்டர், டைமிங் என்று தேட வேண்டும். உங்கள் வண்டியில் அந்தப் பக்கத்தையே மூடிவிடலாம்.

முள் எழும்புகிறது, ஆகவே இஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கிற கிராங்க் சென்சார் பேசுகிறது. விளக்கு அணைகிறது, ஆகவே சாவியை வண்டி ஒத்துக்கொண்டது. 10.4 வோல்ட் நல்ல பேட்டரிதான். செல்ஃப் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா? டைமிங் செயின் தாண்டியிருந்தால் தையல் மெஷின் போல லேசாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றும். ஒரு சிலிண்டரில் கோளாறு என்றால் நொண்டும்.

இனி ஒரே கேள்விதான். ரெயிலில், அதாவது நாலு நாசிலுக்கும் டீசலை அழுத்தத்தோடு தேக்கிவைக்கிற பொதுக் குழாயில், அழுத்தம் ஏறுகிறதா? காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் ஏறக்குறைய 150, 200 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாண்டாமல் இசியு, அதாவது இஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர், டீசல் பீய்ச்சுகிற நாசிலைத் திறக்கவே திறக்காது. நீங்கள் எவ்வளவு நேரம் அடித்தாலும் அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

டாக்ஸி_மதுரை | ஞாயிறு, இரவு 7.02

டீசல் வருகிறதா என்று பார்க்க நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணி செல்ஃப் அடித்தால் தெரிந்துவிடுமே. முப்பது வருஷமாக அப்படித்தானே ஏர் எடுக்கிறோம்.

பழையநாசில் | ஞாயிறு, இரவு 7.20

அது ரோட்டரி பம்ப் வைத்த பழைய வண்டிக்கு. நானும் அப்படித்தான் தொழில் படித்தேன். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இல் காமன் ரெயில் காருக்கு வந்தது, அதன்பின் மெல்ல மெல்ல நம்மூருக்கும் வந்து சேர்ந்தது. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று எங்களுக்குப் புரியவே சில வருஷம் பிடித்தது. இதில் ஓடும்போது ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத ஊசி போலப் பீறிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு பொட்டுதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ரெயில் பக்கம் எந்த நட்டையும் இஞ்சின் சுற்றும்போது தொடாதீர்கள்.

மல்டிமீட்டர் | ஞாயிறு, இரவு 8.10

நட்டைத் தொடாமலே பார்க்க ஒரு வழி உண்டு. ரெயில் நுனியில் மூன்று ஒயர் போகிற சென்சார் இருக்கும். ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். பிளக்கைக் கழற்றாமல் பின்பக்கமாகக் குண்டூசி நுழைத்து சிக்னல் ஒயரில் மீட்டரை வையுங்கள். ஊசி பக்கத்து ஒயரைத் தொட்டுவிடக்கூடாது. சாவி மட்டும் போட்டிருந்தால் 0.5 வோல்ட் காட்டும், அது பூஜ்யம் பார். உச்சம் 4.5 வோல்ட். 1500 பார் சென்சார் என்றால் 200 பாருக்கு 1 வோல்ட்டை ஒட்டி வரும். ஆக, செல்ஃப் அடிக்கையில் ஒரு வோல்ட் எட்டவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை.

வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டுகிற புளூடூத் ஓபிடி டாங்கிள் இருந்தால் இன்னும் சுலபம். செயலியில் ரெயில் பிரஷர் என்று தேடுங்கள்.

பவானிக்கரை | திங்கள், காலை 8.30

டாங்கிள் ஆர்டர் போட்டிருக்கிறேன், வர இரண்டு நாள் ஆகும். மெக்கானிக்கிடம் முன்பணம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயம். வண்டியை ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. எங்கள் தெரு நல்ல சரிவு. பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளினார்கள், மூன்றாவது கியரில் கிளட்சை விட்டேன், எடுத்துக்கொண்டது! பத்து நிமிடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. நிறுத்தி உடனே செல்ஃப் அடித்தேன், அதுவும் எடுத்தது. இன்று காலை மறுபடி இல்லை.

பழையநாசில் | திங்கள், காலை 9.05

இது பெரிய துப்பு தம்பி. தள்ளும்போது இஞ்சின் செல்ஃபைவிட வேகமாகச் சுற்றும், பம்பும் வேகமாகச் சுற்றும், அழுத்தம் ஏறிவிடுகிறது. ஆக பம்ப் உயிரோடு இருக்கிறது, ஒயரிங்கும் சரி. எங்கோ கசிகிறது, அல்லது காற்று நுழைகிறது. இனி தள்ளி எடுக்காதீர்கள், பழைய செயினுக்கு அந்த உதறல் ஆகாது.

இரவு நின்றால் எடுக்காது, சூட்டில் உடனே எடுக்கும் என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல். காலையில் எடுத்து, சூட்டில் எடுக்காமல் இருந்தால் நாசில் மேல் சந்தேகப்படுவேன். சூடான டீசல் தண்ணீர் போல இளகிவிடும், தேய்ந்த இடத்தில் தாராளமாகக் கசியும். உங்களுடையது இப்போதைக்கு முதல் வகை. ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஆரம்பித்தது என்றும் சொன்னீர்கள். அதைக் கடைசி வரியில் எழுதினீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன்.

உங்கள் ஃபில்டர் தலையில் கையால் அமுக்குகிற பம்ப் இருக்கிறதா?

பவானிக்கரை | திங்கள், காலை 9.12

இருக்கிறது. ஆனால் ஃபில்டரில் ஒரு சொட்டுக்கூட டீசல் ஒழுகவில்லையே, துணி வைத்துத் துடைத்தும் பார்த்தேன்.

பழையநாசில் | திங்கள், காலை 9.30

ஒழுகாது. டேங்க்கிலிருந்து இஞ்சின் பம்ப் வரைக்கும் உறிஞ்சிக்கொண்டு வருகிற பாதை அது. அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இதைப் புரியவைக்க முடியாமல் எத்தனை பேரிடம் மன்றாடியிருக்கிறேன்! "எங்கேயும் லீக் இல்லையே அண்ணா" என்பார்கள்.

ஹார்ட்வேர் கடையில் கண்ணாடி போல உள்ளே தெரிகிற டீசல் ஹோஸ் அரை அடி வாங்குங்கள். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸுக்குப் பதில் மாட்டி, கை பம்பைக் கல் போல இறுகும் வரை அமுக்குங்கள். அப்புறம் செல்ஃப் அடித்து ஹோஸைப் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம்தான், அங்கே அழுத்தம் கிடையாது, பயம் வேண்டாம். வேலை முடிந்ததும் பழைய ஹோஸையே மாட்டிவிடுங்கள்.

பனிக்கால_ஓட்டி | திங்கள், இரவு 9.48

கனடாவில, ஸ்காபரோவில் இருந்து எழுதுறன். என்னட்ட இருக்கிறது 1998 பெற்றோல் டர்போ. ஸ்ராட்டர் நல்லாச் சுத்தும், கார் வராது எண்ட இதே கதைதான், ஆனால் சூட்டில மட்டும். கடைக்குப் போய் வந்தால் நிக்கும், முக்கால் மணித்தியாலம் விட்டால் தானாவே வரும். கராஜ்காரர் டர்போவில கை வைக்கப் போனவர், நான் விடேல்லை. கடைசியில கிராங்க் சென்சார். சூடாகினால் உள்ளுக்க இருக்கிற சுருள் அறுந்த மாதிரி ஆகிவிடும், ஆறினால் திரும்ப ஒட்டும். ஒரு நாள் நிண்ட இடத்தில சென்சாருக்கு மேல ஒரு போத்தல் குளிர்தண்ணி ஊத்தினன், உடன வந்திட்டுது. மாத்தி இரண்டு வருசம், பிரச்சினை இல்லை. ஆர்பிஎம் முள் அசையாமல் நிண்டதை நான் அப்பவே கவனிச்சிருக்க வேணும்.

பவானிக்கரை | செவ்வாய், மாலை 6.55

ஹோஸ் மாட்டினேன். கை பம்பை நாற்பது தடவையாவது அமுக்கியிருப்பேன், பஞ்சு போலவே இருந்தது, இறுகவே இல்லை. செல்ஃப் அடித்ததும் ஹோஸுக்குள் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழ் குமிழாக ஓடியது. மகன் வீடியோவே எடுத்துவிட்டான்.

ஃபில்டரைக் கழற்றினோம். ஃபில்டர் தலையின் பள்ளத்தில் பழைய ஓ-ரிங் நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேலேயே புது ஓ-ரிங்கைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். பழையது கத்தியால் கீறினால் பொடிப்பொடியாக வந்தது. சுத்தம் செய்து புது ரிங்குக்கு டீசல் தடவிப் போட்டேன். கை பம்ப் பதினைந்தாவது அமுக்கில் கல்லாகிவிட்டது. செல்ஃப் அடித்தால் மூன்றாவது சுற்றில் எடுத்தது!

ஓ-ரிங் முப்பது ரூபாய். 38,000 எங்கே, 30 எங்கே. அண்ணா, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ரோட்டோர_வைத்தியர் | செவ்வாய், இரவு 7.30

வாழ்த்துக்கள். இழையை மூடிவிடலாம்.

பழையநாசில் | செவ்வாய், இரவு 8.02

ஒரு வாரம் ஓடட்டும். ஃபில்டரைக் கழற்றினீர்களே, அடியில் தண்ணீர் இருந்ததா?

பவானிக்கரை | செவ்வாய், இரவு 8.20

ஒரு டம்ளரில் கவிழ்த்தேன். அடியில் கால் டம்ளர் தண்ணீர் நின்றது, துருப்பிடித்த நிறத்தில். அடியில் இருக்கிற திருகைத் திறந்து வடிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

பழையநாசில் | செவ்வாய், இரவு 8.31

ம்.

பவானிக்கரை | வெள்ளி, இரவு 9.15

அண்ணா, அந்த "ம்" எதற்கு என்று இன்று புரிந்தது.

கோயம்புத்தூர் போகிற வழியில் அவிநாசி தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். பத்து நிமிடம். திரும்பி வந்து அடித்தால் எடுக்கவில்லை. உள்ளே தெரிகிற அந்த ஹோஸை இன்னும் கழற்றாமல் இருந்ததால் பார்த்தேன், ஒரு குமிழ்கூட இல்லை, டீசல் தெளிவாக நிற்கிறது. பானெட்டைத் திறந்துவைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் எடுத்தது. கோயம்புத்தூர் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

டாங்கிள் வந்துவிட்டது. வீட்டு வாசலில் சூட்டோடு நிறுத்தி வேண்டுமென்றே அடித்துப் பார்த்தேன். ரெயில் பிரஷர் 9,800 என்று காட்டுகிறது. 200 போதும் என்றீர்களே, இது ஏகத்துக்கு அதிகமாக இருக்கிறதே?

மல்டிமீட்டர் | வெள்ளி, இரவு 9.40

சார், அது பார் இல்லை, கிலோபாஸ்கல்! நூறால் வகுங்கள். 98 பார்தான்.

பவானிக்கரை | வெள்ளி, இரவு 9.52

ஐயோ. நான் இஞ்சினே வெடித்துவிடும் என்று பயந்து பையனை உள்ளே போகச் சொல்லிவிட்டேன். மீட்டரும் வைத்துப் பார்த்தேன், 0.76 வோல்ட் காட்டியது. உங்கள் கணக்கு ஒத்துப்போகிறது.

பழையநாசில் | வெள்ளி, இரவு 10.20

காற்று இருந்தது உண்மை, ஓ-ரிங் போட்டது சரியான வேலை. ஆனால் கூடவே ஒரு நாசில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. காற்று கலந்திருந்தபோது குளிரிலேயே முடியவில்லை. காற்றை நீக்கியதும் குளிரில் கெட்டியான டீசலை வைத்துக்கொண்டு 200 பாரை எப்படியோ எட்டிப் பிடிக்கிறது. சூட்டில் டீசல் இளகியதும் ஏற்றுகிற அழுத்தமெல்லாம் ரிட்டர்ன் வழியாக டேங்க்குக்கே போகிறது.

நாசில் தலையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். கரண்டு வந்தால் அது திறக்கும், கீழே ஊசி தூக்கும். அதன் இருக்கை தேய்ந்தால் மூடியிருக்கும்போதும் டீசல் ரிட்டர்னுக்குக் கசியும். தேய்ப்பது யார்? ஃபில்டர் அடியில் நீங்கள் பார்த்த அந்தத் துருத் தண்ணீர். "ம்" அதற்குத்தான்.

எந்த நாசில் என்று கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் டிரிப்ஸ் ஏற்றுகிற டியூப் செட் நாலு வாங்குங்கள். நாலு சின்ன பாட்டில், ஒரே அளவாக. இஞ்சின் நின்றிருக்கும்போது ஒவ்வொரு நாசில் தலையிலும் இருக்கும் ரிட்டர்ன் கிளிப்பைக் கழற்றி டியூபைச் செருகி பாட்டிலில் விடுங்கள். கழற்றிய ரிட்டர்ன் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று போகும். இது ரிட்டர்ன் பக்கம், அழுத்தம் குறைவு. தடித்த பைப் நட்டைத் தொடவே கூடாது. குளிரில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். அளவு முக்கியமில்லை, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

பவானிக்கரை | சனி, மதியம் 1.10

மெடிக்கல் ஷாப்பில் நாலு டிரிப்ஸ் செட் கேட்டேன். கடைக்காரர் பதறிவிட்டார். "யாருக்குங்க முடியல? எந்த ஆஸ்பத்திரி?" என்றார். காருக்கு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் இருந்த நாலு இருமல் மருந்து பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, 100 மில்லி கோடு போட்டு, கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். பானெட்டுக்குள் பார்த்தால் ஐசியு வார்டு போலத்தான் இருந்தது. இரண்டு நிமிட ஐடிலில்:

1-ஆம் சிலிண்டர் 12 மில்லி
2-ஆம் சிலிண்டர் 14 மில்லி
3-ஆம் சிலிண்டர் பாட்டில் நிரம்பி வழிந்தது
4-ஆம் சிலிண்டர் 11 மில்லி

மூன்றாவது ஒன்றேகால் நிமிடத்திலேயே நூறைத் தாண்டிவிட்டது. பாட்டில் மாற்றுவதற்குள் பேட்டரி மேலெல்லாம் டீசல்.

டாக்ஸி_மதுரை | சனி, மதியம் 1.45

நாலையும் மாற்றிவிடுங்கள் சார். ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

பழையநாசில் | சனி, மதியம் 2.30

டாக்ஸிக்கு அது சரி, நடுவழியில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. வீட்டு வண்டிக்கு அவசியமில்லை. 11, 12, 14 என்று மூன்றும் ஒட்டி வருகின்றன, நல்ல நாசில்கள். மூன்றாவதை மட்டும் கழற்றி, நாசிலை ஓட்டிச் சோதிக்கிற நல்ல டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் நாசில் கடையில் கொடுங்கள்.

கழற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். ரெயிலில் மூன்றாவது துளைக்கு மட்டும் அடைப்பு மூடி போட்டு சூட்டில் செல்ஃப் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரில் எடுத்தால் பம்ப் மேல் உள்ள சந்தேகமும் தீர்ந்துவிடும். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், அது அழுத்தப் பக்கம்.

மாட்டும்போது அடியில் போடுகிற செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். பழையதையே போட்டால் கீழே புகை கசிந்து கரி பிடித்து, அடுத்த தடவை நாசிலைக் கழற்றவே முடியாது. பல வண்டிகளில் நாசில் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். ரிப்பேர் ஆனபின் குறியீடு மாறினால் அதை ஸ்கேனரில் இசியுவுக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் டக்டக் என்று தட்டும்.

பவானிக்கரை | புதன், இரவு 8.40

முடிந்தது.

கடையில் சூட்டோடு நிறுத்தினார்கள், எடுக்கவில்லை. மூன்றாவது துளையை அடைத்தார்கள். செல்ஃப் அடித்த அடியில் எடுத்து, மூன்று காலில் நிற்கிற மாடு போல உதறிக்கொண்டு ஓடியது. ரெயில் பிரஷர் அப்போது 27,000, அதாவது 270 பார். (இப்போது வகுக்கத் தெரியும்.)

நாசிலைப் பிரித்து வால்வு இருக்கையைப் பூதக்கண்ணாடியில் காட்டினார்கள். வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் மயிரிழை போல ஒரு பள்ளம். இவ்வளவு சின்னதற்கா ஒரு கார் நிற்கிறது! வால்வு செட் மாற்றி, பெஞ்சில் ஓட்டி, குறியீடு பதிந்து, செம்பு வாஷர் போட்டு மொத்தம் 8,200 ஆனது. டீசல் டேங்க்கையும் வடிக்கச் சொன்னேன். அடியில் தண்ணீர் இருந்தது, அதிகமில்லை.

மூன்று நாளாகக் குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு விநாடிக்குள் எடுக்கிறது. தினமும் காலையில் நாலைந்து விநாடி அடித்ததை "வயசான வண்டி, அப்படித்தான்" என்று பழகிக்கொண்டிருந்தேன். டர்போ அதேதான். இன்டர்கூலர் ஹோஸை உள்ளே துடைத்து மாட்டினேன்.

தெருமுனை மெக்கானிக் நேற்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, "டர்போ மாத்திட்டீங்களா?" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். எதற்கு வம்பு.

பழையநாசில் | புதன், இரவு 9.05

எந்த நாள் சேர்த்து மூன்று நாள் தம்பி, சனிக்கிழமைதானே பாட்டில் கட்டித் தொங்கவிட்டீர்கள்?

பவானிக்கரை | புதன், இரவு 9.11

அடுத்த புதன் அண்ணா! கடையில் வேலை முடிந்தது போன வாரம் சனிக்கிழமை. நடுவில் கல்யாண வீடு, எழுத நேரமில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள்.

பழையநாசில் | புதன், இரவு 9.14

சரி சரி. மாதம் ஒரு தடவை அந்த ஃபில்டர் திருகைத் திறந்து வடியுங்கள்.

புதுவண்டி_பழசு | வியாழன், காலை 7.20

வணக்கம், என்னிடமும் ஒரு பழைய டர்போ டீசல் எஸ்யூவி இருக்கிறது. செல்ஃப் அடிக்கிறது, எடுக்கவில்லை. டர்போ போயிருக்குமா?

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 7.45

தனி இழை தொடங்குங்கள் நண்பரே. புகை வந்ததா இல்லையா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், பழையநாசில் அண்ணா எப்படியும் அதைத்தான் கேட்பார்.